சோபாவைப் பார்க்காதீர்கள், குழாயைப் பாருங்கள்: சிறிய அலுமினியப் பான்டூன் படகு வாங்குவோருக்கு

கனடாவின் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் மினசோட்டா, மிச்சிகன் மாநிலங்களிலும் ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைகளில் கட்டிக் கிடக்கும் பான்டூன் படகுகள் அச்சில் வார்த்ததுபோல ஒரே சாயலில் இருக்கும். தட்டையான தளம், சுற்றிலும் இடுப்பளவுக்குத் தடுப்பு, 'ப' வடிவத்தில் சோபா, மடக்கக்கூடிய துணிக்கூரை, பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சின். அடியில் இரண்டு அலுமினியக் குழாய்கள்.

இந்தச் சாயல்தான் வாங்குபவரைக் குழப்புகிறது. 16 முதல் 18 அடிக்குள் இரண்டு படகுகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். விலையில் பெரிய வேறுபாடு இருக்காது. இரண்டிலும் அதே எஞ்சின், அதே அளவு இருக்கைகள். கடைசியில் சோபாவின் நிறமும் ஸ்பீக்கரும் முடிவு செய்துவிடும். உண்மையான வேறுபாடோ தளத்துக்குக் கீழே, தண்ணீருக்குள் இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, அது ஏன் முக்கியம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பான்டூன் எப்படி மிதக்கிறது

1950களின் தொடக்கத்தில் மினசோட்டாவின் ரிச்மண்ட் என்ற சிற்றூரில் ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்பவர் இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் பற்றவைத்து, அதன்மேல் மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். இன்றைய பான்டூன் படகுத் தொழிலின் தொடக்கம் அது. பீப்பாய்க்குப் பதில் அலுமினியக் குழாய் வந்தது பிற்பாடு. அலுமினியத்தின் எடை இரும்பினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், நன்னீரில் எளிதில் அரிக்காது.

சாதாரணப் படகு ஒரு கிண்ணம் மாதிரி. விளிம்பு தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தால் கிண்ணம் நிறையும், மூழ்கும். பான்டூனில் அந்தக் கிண்ணமே இல்லை. மூடி பற்றவைத்த குழாய்கள் மிதக்கின்றன. மனிதர்கள் அவற்றின் மேலே போட்ட பலகையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தளத்தில் விழும் தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும். இந்த விஷயத்தில் நம் கட்டுமரமும் இப்படித்தான்: அலை மேலே ஏறும், இறங்கிப் போகும். ஆங்கிலக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட படகுக்குக் 'கேட்டமரான்' என்று பெயர் வைத்தார்கள். அசல் கட்டுமரத்துக்கு இரட்டை உடலே கிடையாது என்பது வேறு கதை.

மிதப்பதன் கணக்கு ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். குழாய் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். ஆகவே படகின் தாங்குதிறன் முழுவதும் அந்த இரண்டு குழாய்களின் கொள்ளளவில் அடங்கியிருக்கிறது. இருக்கை எத்தனை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலைப்பட்டியலில் ஏமாறும் இடங்கள்

1. நீளம். '18 அடிப் படகு' என்றால் எது 18 அடி? தளத்தின் நீளமா, குழாயின் நீளமா, முன்மூக்கிலிருந்து எஞ்சின் தாங்கி வரைக்குமான மொத்த நீளமா? மூன்றும் வெவ்வேறு எண்கள். ஒரு நிறுவனம் ஒன்றைப் போடும், இன்னொன்று வேறொன்றைப் போடும். ஒப்பிட வேண்டியது குழாயின் நீளத்தை.

2. எடை. பட்டியலில் இருப்பது பெரும்பாலும் வெற்றெடை. எஞ்சின், பெட்ரோல், பேட்டரி, நங்கூரம், உயிர்காப்பு அங்கி, குளிர்பெட்டி எதுவும் அதில் சேராது. 40 எச்.பி. எஞ்சின் மட்டுமே 100 கிலோவை ஒட்டி வரும்.

3. ஆள் எண்ணிக்கை. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் '8 பேர்' என்றும், பக்கத்தில் ஒரு மொத்த எடையும் இருக்கும். அந்த எடைதான் வரம்பு. எட்டுப் பேர் என்பது ஒரு சராசரி மனிதரைக் கற்பனை செய்துகொண்டு வகுத்துப் போட்ட எண்.

இந்தத் தகட்டைப் பற்றி ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்குக் கொள்ளளவுத் தகடு கட்டாயம் என்ற மத்திய விதி ஒற்றை உடல் படகுகளுக்கு மட்டுமே பொருந்தும். பான்டூன் இரட்டை உடல் என்பதால் அதற்குள் வராது. நல்ல நிறுவனங்கள் ஏ.பி.ஒய்.சி. என்ற தொழில்தர அமைப்பின் எச்-35 விதிப்படி கணக்கிட்டு, என்.எம்.எம்.ஏ. என்ற படகு உற்பத்தியாளர் சங்கத்தின் சான்றுடன் தாமாகவே தகடு ஒட்டுகின்றன. அந்தச் சான்று இல்லாத படகில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு யார் பொறுப்பு என்று கேட்டே ஆக வேண்டும். கனடாவில் 6 மீட்டர் வரையிலான மோட்டார் படகுகளின் இணக்க அறிவிப்புத் தகட்டிலேயே சுமை வரம்பும் இருக்கும்.

4. குழாயின் விட்டம். இதுதான் மிக முக்கியமான எண். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதும் இதுதான்.

மூன்று நான்கு அங்குலத்தில் என்ன இருக்கிறது

சிறிய பான்டூன்களின் குழாய் விட்டம் ஏறத்தாழ 19 முதல் 25 அங்குலம் வரை இருக்கும். 20 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நான்கு அங்குலந்தானே என்று தோன்றும். ஆனால் உருளையின் கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் 20 சதவீதம் கூடினால் கொள்ளளவு 44 சதவீதம் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். படகுகள் கற்பனை, அளவுகள் சந்தையில் காணக்கூடியவை.

'அ' படகு: குழாய் நீளம் 18 அடி, விட்டம் 20 அங்குலம்.
'ஆ' படகு: குழாய் நீளம் 16 அடி, விட்டம் 24 அங்குலம்.

படகுத்துறையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 'அ' பெரிய படகாகத் தெரியும். சோபா நீளம், நடக்க இடம் அதிகம்.

20 அங்குலக் குழாய் முழுவதும் மூழ்கினால் ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 62 கிலோவைத் தாங்கும். 24 அங்குலக் குழாய் 89 கிலோவை. முன்மூக்கு கூம்பியிருப்பதால் ஒவ்வொரு குழாயிலும் ஓர் அடியைக் கழித்துவிடுவோம். இரண்டு குழாய்களுக்கும் சேர்த்து 'அ' சுமார் 2,100 கிலோவையும், 'ஆ' சுமார் 2,670 கிலோவையும் முழு மூழ்கலில் தாங்கும்.

முழுதாக மூழ்கவிட்டு யாரும் படகு ஓட்டுவதில்லை. குழாய் பாதி மூழ்கியிருப்பதே ஆரோக்கியமான நிலை. காரணத்தை அடுத்துப் பார்ப்போம். பாதி என்றால் 'அ'வுக்கு 1,050 கிலோ, 'ஆ'வுக்கு 1,335 கிலோ. எஞ்சின், பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் படகுகள் முறையே 680, 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஆட்களுக்கும் சாமான்களுக்கும் மிஞ்சுவது:

'அ': 370 கிலோ. 75 கிலோ ஆட்கள் ஐந்து பேருக்குக்கூடச் சற்றுக் குறைவு.
'ஆ': 635 கிலோ. எட்டுப் பேர்.

பெரிதாகத் தெரிந்த படகு குறைந்தது மூன்று பேரைக் குறைவாகச் சுமக்கிறது. இந்தக் கணக்குக்கு ஒரு டேப்பும் கால்குலேட்டரும் போதும்.

ஏன் பாதிக்கோடு

குழாயை ஒரு முனையிலிருந்து பார்த்தால் அது ஒரு வட்டம். தண்ணீர் மட்டம் வட்டத்தின் நடுவில் இருக்கும்போது, நீர்ப்பரப்பில் குழாயின் அகலம் மிக அதிகம். அந்த நிலையில் ஒருவர் ஏறினால் படகு கொஞ்சந்தான் தாழும். நடுவைத் தாண்டித் தண்ணீர் மேலே ஏற ஏற, வட்டம் மேல்நோக்கிக் குறுகுகிறது. அப்போது ஏறும் ஒவ்வொருவரும் முந்தையவரைவிட அதிகமாகப் படகைத் தாழ்த்துகிறார். ஆறாவது ஆள் ஏறியபோது தெரியாத தாழ்வு, ஒன்பதாவது ஆள் ஏறும்போது பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

இதே விதி சாய்வுக்கும் பொருந்தும். எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்றால் அந்தப் பக்கக் குழாய் தாழும், தாழ்ந்த குழாய் மேலும் தண்ணீரை விலக்கி எதிர்த்துத் தள்ளும். குழாய் முழுதாக மூழ்கிவிட்டால் அதற்குமேல் தள்ள அதனிடம் எதுவும் மிச்சமில்லை. பாதிக்கு மேல் மூழ்கிய நிலையில் கரையிலிருந்து கிளம்பும் படகு, அந்தக் கையிருப்பை ஏற்கெனவே செலவழித்துவிட்டுத்தான் கிளம்புகிறது.

'இதுவும் அதுமாதிரிதானே' என்றதன் விலை

ஒரே சாயலில் இருக்கும் இரண்டு பான்டூன்களை ஒன்றாகவே கருதினால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது.

2004 மார்ச் 6 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் 'லேடி டி' என்ற 36 அடிப் பான்டூன் பயணிகள் படகு, மெக்ஹென்றி கோட்டை அருகே திடீரென்று வீசிய கடுங்காற்றில் கவிழ்ந்தது. படகில் 25 பேர் இருந்தார்கள். பக்கத்திலிருந்த கடற்படை ரிசர்வ் தளத்திலிருந்து வீரர்கள் ஒரு தரையிறக்கக் கலத்தை ஓட்டி வந்து பலரை மீட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள்.

படகுக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையும் 25தான். அப்படியானால் எங்கே தவறு? தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து மூன்று காரணங்களை அடுக்கியது.

1. 'லேடி டி'யை அமெரிக்கக் கடலோரக் காவல்படை வேறொரு பான்டூனின் 'சகோதரிப் படகு', அதாவது அதே வடிவமைப்பில் கட்டியது, என்று ஏற்றுக்கொண்டது. இரண்டின் வடிவமைப்பும் ஒன்றல்ல.

2. அந்தச் சகோதரிப் படகுக்குச் செய்த நிலைத்தன்மைச் சோதனையே பொருத்தமற்றது. அதன் முடிவை இதற்கும் எடுத்துக்கொண்டதால் எண்ணிக்கை மிகையாகிவிட்டது.

3. கணக்கில் ஓர் ஆளின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது 63.5 கிலோ. இது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கர்களின் எடை.

மூன்றும் சேர்ந்ததில், சட்டப்படி சரியான எண்ணிக்கையோடு போன படகு உண்மையில் மிகைச் சுமையோடு போயிருந்தது. பின்னர், 2011இல், பயணிகள் படகுகளுக்கான சராசரி எடையைக் காவல்படை 185 பவுண்டாக உயர்த்தியது, 84 கிலோ. 25 பேருக்குக் கணக்குப் போட்டால் இந்த ஒரு திருத்தத்திலேயே அரை டன் வித்தியாசம் வருகிறது.

குடும்பப் படகுக்கு இந்தப் பயணிகள் விதி பொருந்தாது. ஆனால் தவறு நடந்த விதம் அப்படியே பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரரின் 18 அடிப் பான்டூனில் பத்துப் பேர் போகிறார்கள் என்பதால், நம் 18 அடியிலும் போகலாம் என்று நினைப்பது அந்தச் 'சகோதரிப் படகு' தவறுதான்.

அகலம்

கவிழாமல் நிற்கும் வலு, இரண்டு குழாய்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 24 அங்குலக் குழாய்களைத் தளத்தின் விளிம்புக்கு நேராகப் பொருத்தியதாக வைத்தால், 7 அடி அகலப் படகில் அந்தத் தூரம் 60 அங்குலம். எட்டரை அடிப் படகில் 78. வலு ஏறத்தாழ 1.7 மடங்கு. எட்டரை அடிக்கு மேல் போனால் அமெரிக்காவில் டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் இழுக்கச் சிறப்பு அனுமதி வேண்டியிருக்கும் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் இரண்டடி நீளத்தை விட்டுக்கொடுத்து ஓரடி அகலத்தை வாங்கிக்கொள்வேன்.

நீளத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நீளமான குழாய் அலையில் குறைவாகக் குதிக்கும், முன்மூக்கு தண்ணீரில் குத்துவது குறையும். ஒன்டாரியோவின் சிம்கோ ஏரி போலப் பரந்து கிடக்கும் ஏரியில் பிற்பகல் காற்று எழும்பினால் அது பெரிய ஆறுதல். மரங்கள் சூழ்ந்த சின்ன ஏரிக்கு அவ்வளவு தேவைப்படாது.

தகடும் தளமும்

குழாய்களுக்குப் பெரும்பாலும் 5052 வகை அலுமினியத் தகடு பயன்படுகிறது. தடிமன் 0.080 அங்குலமா 0.100 அங்குலமா என்று கேளுங்கள். 2 மில்லிமீட்டரா இரண்டரையா என்பதுதான் கேள்வி. பாறைக்கரை ஏரியில் அந்த அரை மில்லிமீட்டர் பேசும்.

குழாய்க்குள் தடுப்புச்சுவர் வைத்து அறைகளாகப் பிரித்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஓர் அறை ஓட்டையானால் மற்றவை தாங்கும். தடுப்பில்லாத குழாயில் ஒரே ஓட்டை படகை ஒரு பக்கமாகப் படுக்க வைத்துவிடும்.

தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24 அங்குலத்துக்கு ஒன்றா என்பதைக் குனிந்து டேப் வைத்து அளந்துவிடலாம். இடைவெளி கூடினால் சில ஆண்டுகளில் நடக்கும்போது தளம் மெத்தென்று அமுங்கும்.

பழைய படகில் யாராவது பிளைவுட் தளத்தை மாற்றியிருந்தால் என்ன பலகை போட்டார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டு முற்றத்துக்கு விற்கும் தாமிரம் கலந்த பதப்படுத்திய பலகை ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். படகின் அடியில் பூசும் தாமிரம் கலந்த பூச்சும் அப்படியே. உப்புநீரில் இந்த வேகம் பல மடங்கு. அதற்காகத்தான் தியாக உலோகம் என்று ஒரு சின்னக் கட்டியைப் பொருத்துகிறார்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு குழாயைக் காப்பாற்றும். நன்னீருக்கு மக்னீசியம், கடல்நீருக்குத் துத்தநாகம். இடம் மாற்றிப் போட்டால் பயன் கெடும்.

எஞ்சின்: 9.9 ஏன் இவ்வளவு பிரபலம்

கனடாவில் 10 எச்.பி. அல்லது அதற்கு மேல் எஞ்சின் இருந்தால் படகுக்கு உரிமம் வேண்டும். சில சின்ன ஏரிகளில் எஞ்சின் திறனுக்கே வரம்பு உண்டு. 9.9 என்ற விசித்திர எண் சந்தையில் நிலைத்திருப்பதற்கு இத்தகைய வரம்புகளும் காரணம். ஓட்டுபவருக்கான அட்டை மட்டும் எந்த மோட்டாருக்கும் தேவை, மின்மோட்டார் உட்பட.

9.9 போதுமா? காற்றில்லாத நாளில் நாலைந்து பேரோடு ஏரியைச் சுற்றி வரப் போதும். ஆனால் பான்டூனின் தடுப்பும் துணிக்கூரையும் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. எதிர்க்காற்றில் வலுவற்ற எஞ்சின் படகைத் துறையில் கட்டவிடாமல் அலைக்கழிக்கும். தகட்டில் 40 எச்.பி. வரை அனுமதி என்றால் 25க்குக் குறையாமல் போடுவது என் பரிந்துரை. 9.9க்குள்தான் வாங்க வேண்டிய கட்டாயம் என்றால் அதிஉந்துவிசை வகையைக் கேளுங்கள். அதே எஞ்சினில் பெரிய விசிறியை (புரோப்பல்லரை) மெதுவாகச் சுழற்றும் பல்சக்கர அமைப்பு இருக்கும். சுமையைத் தள்ள அது உதவும்.

இன்னொன்று: படகு ஓடும்போது முன்கதவுக்கு வெளியே, தளத்தின் மூக்கில் காலைத் தொங்கவிட்டு யாரும் உட்காரக் கூடாது. வேகம் குறையும் நொடியில் ஆள் முன்னால் விழுவார். இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய், நேராகப் பின்னாலிருக்கும் விசிறிக்குத்தான் சேருவார். பல அமெரிக்க மாநிலங்களில் இது சட்டப்படியே குற்றம். அந்த மூக்கில் மெத்தை வைத்து அழகுபடுத்திய படகையும் வைக்காத படகையும் ஒப்பிட நேர்ந்தால், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வைக்காததே நல்லது.

பழைய படகு என்றால்

இரண்டும் பழையவை என்றால் சீசன் முடிந்து டிரெய்லரில் ஏற்றி வைத்திருக்கும் நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. பின்மூடித் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டினாலும் அதில் எங்கோ கசிவு இருக்கிறது. தண்ணீர் வராவிட்டாலும் நம்பிவிட முடியாது. சில படகுகளில் மூடி பின் அறைக்கு மட்டுமே இருக்கும்.

பிறகு சற்றுத் தள்ளி நின்று குழாயின் பக்கவாட்டைப் பாருங்கள். பல கோடைகள் தண்ணீரில் கிடந்த அலுமினியத்தில் பாசியும் சுண்ணாம்பும் சேர்ந்து பழுப்பாக ஒரு கோடு விட்டிருக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. படகு யாரும் ஏறாமல் கட்டிக் கிடந்த நேரத்தின் நீர்மட்டம் அது. ஆளில்லாமலே பாதிக்குத் தாழ்ந்து கிடந்த படகு, ஆள் ஏறியதும் எங்கே போயிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இடக்குழாயில் கோடு நடுவுக்குக் கீழேயும் வலக்குழாயில் நடுவுக்கு மேலேயும் இருந்தால், விற்பவரிடம் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வலக்குழாயைப் பற்றிப் பேசுங்கள்.